ஆஸ்பத்திரிக்கு இரண்டு வழி

1. முதல் நாள்

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நான் முதன்முதலாக வழி கேட்டது ஒரு டீக்கடைக்காரரிடம். எழுபதுகளின் கடைசி அது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணி, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் மைக் வைத்துப் பாட்டுப் போட்டு, விளம்பரம் படித்து, நடுநடுவே பஸ் நேரம் சொல்லும் வேலை. அதைக் காண்ட்ராக்ட் எடுத்திருந்தவர் கலியபெருமாள். "கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல நம்ம சவுண்ட் சர்வீஸ் கடை. காலைல நேரா அங்க வந்துரு" என்று ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு எப்படிங்க போவணும்?" என்று கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் குனிந்து என் ரப்பர் செருப்பைப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"வேப்பந்தட்டைப் பக்கங்க."

"அங்க ஊருக்குள்ளயா, வெளியிலயா?"

வழி கேட்டவளிடம் ஊர் எதற்கு, ஊரில் தெரு எதற்கு என்று திருப்பிக் கேட்க அப்போது தெரியவில்லை. மரியாதையாகத்தானே கேட்கிறார் என்று "காலனிங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்ப இப்படிக் கெழக்கு வாசல்ல வெளிய போயி, லாரி ரோட்டப் புடிச்சு, கொளத்தச் சுத்திக்கிட்டுப் போங்க. வந்துரும்."

போனேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஒவ்வொரு லாரிக்கும் ரோட்டை விட்டு இறங்கி, தாவணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, தூசி அடங்கிய பிறகு மறுபடி ஏறி நடக்க வேண்டும். கடையைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தபோது என் நீலப் பாவாடை வெள்ளையாக இருந்தது.

கலியபெருமாள் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மொத நாளே இவ்வளவு லேட்டா? பஸ் ஸ்டாண்டுலேருந்து ஒரு பீடி பத்தவச்சு முடிக்கிற நேரந்தான் ஆவும். எந்த வழியா வந்த?"

"லாரி ரோடு வழியா சார்."

அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். யார் அந்த வழியைச் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்குத்தான் விளங்கவில்லை. மறுபடி ஆம்ப்ளிஃபயருக்குள் குனிந்துகொண்டு, "அதுவும் வழிதான்" என்றார்.

அன்று மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும்போது அவருக்குப் பின்னாலேயே நடந்தேன். ஒரே தெரு. இரண்டு பக்கமும் மாடி வீடு, நிழல், நடுவில் ஒரு பெரிய ஜவுளிக்கடை, தெருவைத் தாண்டினால் பஸ் ஸ்டாண்டின் மேற்கு வாசல். அவ்வளவுதான். என் அப்பா ரோடு போடும் கேங்கில் தார் காய்ச்சியவர். அவர் போட்ட ரோட்டில் யார் யாரோ போகிறார்கள். அவர் மகள் வழி கேட்டால் குளத்தைச் சுற்றி வரச் சொல்கிறார்கள். அந்தக் கோபம் அன்றைக்குப் பிடித்தது, இதை எழுதும்போதும் விடவில்லை.

2. கூண்டு

நான் வேலை பார்த்த அறையை எல்லோரும் கூண்டு என்றுதான் சொல்வார்கள். ஒரு மேஜை, ரிக்கார்டு பிளேயர், மைக், டைம் கீப்பர் எழுதித் தரும் பஸ் நேரத் துண்டு, விளம்பரத் தாள்கள். ஆள் தலை மட்டும் தெரிகிற மாதிரி சின்ன ஜன்னல். வேலைக்கு வந்த புதிதில் கண்டக்டர்கள் "என்ன மைக்கு, இன்னிக்கி தொண்ட கட்டிக்கிச்சா?" என்று கிண்டல் பண்ணிக்கொண்டு போவார்கள். மலர்க்கொடி என்ற என் பெயர் அந்த பஸ் ஸ்டாண்டில் யாருக்கும் தேவைப்படவில்லை.

வேலை என்னவோ பஸ் நேரம் சொல்வதுதான். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்குகிறவனுக்குப் பஸ் நேரம் எதற்கு? அவனுக்கு வேண்டியது நடந்து போகிற வழி. கோர்ட்டு எங்கே, தாலுகா ஆபீஸ் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, ரயிலடிக்கு எத்தனை தூரம். குரல் கேட்கிற இடத்தில்தான் ஆள் இருப்பார்கள் என்று எல்லோரும் என் ஜன்னலுக்கு வந்தார்கள். வழி சொல்வது என் வேலை என்று யாரும் எழுதித் தரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டவுனை நடந்து நடந்து நானாகவே தெரிந்துகொண்டேன்.

என் ஜன்னலிலிருந்து யார் காலும் தெரியாது. யார் செருப்புப் போட்டிருக்கிறார், யார் கையில் தூக்கி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே வழிதான் சொன்னேன். மேற்கு வாசல், தேர்முட்டித் தெரு, நேராகப் போனால் ஆஸ்பத்திரி. அந்தத் தெருவின் நிஜப் பெயர் இது இல்லை, அங்கிருந்த ஜவுளிக்கடையின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அங்கே இன்றைக்கு இருக்கிற பிள்ளைகள் ஒரு பாவமும் அறியாதவர்கள்.

ஆனால் நான் சொல்லி என்ன? திருமானூர் பஸ்ஸில் வந்து இறங்குகிற கூலி ஜனம் நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும். "சரிங்கம்மா" என்று சொல்லும். சொல்லிவிட்டுக் கிழக்கு வாசலைப் பார்த்து நடக்கும். முதலில் எனக்கு அவர்கள் மேல்தான் கோபம் வந்தது. காது கேட்கவில்லையா இவர்களுக்கு என்று பல்லைக் கடித்தேன். பிறகு ஒரு நாள் நானே போய்த் தேர்முட்டித் தெரு முனையில் நின்று பார்த்தேன்.

தெரு முனையில் ஒரு பெஞ்ச். வேலை வெட்டி இல்லாத மூன்று நான்கு பேர் அதில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். யாராவது தயங்கித் தயங்கி வந்தால் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "எந்த ஊரு?" என்பார்கள். ஊர் சொன்னதும், "அந்தப் பக்கம் வழி இருக்குல்ல, அப்படிப் போயேன்" என்பார்கள். அவ்வளவு தன்மையான குரல். அந்தத் தன்மைதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம், போலீசுக்குப் போகலாம். வழி சொல்கிற ஆளை என்னவென்று புகார் பண்ணுவது?

3. முருகாயி

முருகாயி அக்காவை எனக்கு என் ஜன்னல் வழியாகத்தான் தெரியும். திருமானூர்ப் பக்கத்திலிருந்து புருஷனைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவாள். புருஷன் பெயர் கோவிந்தன். கல்லுக்குழியில் சுண்ணாம்புக்கல் உடைத்தவர். நெஞ்சில் சளி கட்டி, ரத்தம் வந்து, டி.பி. என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் கூண்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். அவர் மூச்சு வாங்குகிற சத்தம் எனக்கு உள்ளே கேட்கும். சில சமயம் மைக்கிலும் கேட்கும்.

"டாக்டரு என்ன சொன்னாருக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நல்லாத்தான் ஆவுதாம். ஆனா ஊசிய நடுவுல வுட்டா மறுபடி புடிச்சிக்குமாம். அப்பறம் மருந்து கேக்காதாம். ஒண்ணு வுடாமப் போட்டுக்கன்னு சொல்லியிருக்காரு."

"போட்டுக்கிட்டா சரியாயிரும்ல."

"போட்டுக்குவாரு. அந்த ரோட்டுலல்ல நடக்க முடியல."

எந்த ரோடு என்று நான் கேட்கவில்லை. நெஞ்சு முழுக்கச் சுண்ணாம்புத் தூசியை வாங்கிக்கொண்டவர், அதற்கு ஊசி போட்டுக்கொள்ள அதே தூசிக்குள் நடந்துதான் போக வேண்டியிருந்தது. குதிரை வண்டி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். இருமுகிற ஆளை வண்டிக்காரர்கள் ஏற்ற மாட்டார்கள். ஏற்றினாலும் கொடுக்க அவர்களிடம் என்ன இருந்தது?

"மேக்கு வாசல் வழியா போங்கக்கா. ரொம்பக் கிட்ட" என்றேன்.

"அது தெரியும் தங்கச்சி. வுட மாட்டாங்க."

"கேட்டுப் பாத்தீங்களா?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை. வெளியூர்க்காரி, விவரம் தெரியாத பிள்ளை என்று என்னைப் பார்த்துச் சிரித்தது அது.

கொஞ்ச நாளில் வெயில் ஏறியது. ஒரு நாள் கோவிந்தன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "ஊசி போட்டு நான் பொழைக்கிறதுக்குள்ள இந்த ரோடு என்னய முடிச்சிரும். நான் வரல. நீ வூட்டுக்குப் போற வண்டியப் பாரு" என்று சொல்லிவிட்டார். முருகாயி கெஞ்சிப் பார்த்தாள். பிறகு என் ஜன்னலை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்துவிட்டு, அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு மேற்கு வாசலுக்குக் கூட்டிப் போனாள்.

ரிக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பாட்டு காதில் ஏறவில்லை. பாட்டு முடிவதற்குள் இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். வாசல் வரை எப்படியோ நடந்து வந்த கோவிந்தன், வாசலுக்குள் வந்ததும் இருமி இருமிக் கீழே உட்கார்ந்தார்.

"என்னக்கா?"

"அந்தப் பக்கம் வழி இருக்குல்லன்னாங்க."

"இவருக்கு முடியலன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். அதுக்கு, பாத்து மெதுவா கூட்டிக்கிட்டுப் போம்மான்னாங்க."

திருமானூர் வண்டி புறப்பட நின்றது. கோவிந்தன் ஊசி போட்டுக்கொள்ளாமலே அதில் ஏறிவிட்டார். முருகாயி ஜன்னலுக்கு வந்து, "போயிட்டு வரேன் தங்கச்சி" என்றாள். வருவாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு ஊசி போயாகிவிட்டது. இன்னொன்றும் போனால் அந்த மனிதர் அவ்வளவுதான்.

"நாளன்னிக்கு கண்டிப்பா கூட்டிக்கிட்டு வாங்கக்கா. நான் பாத்துக்கறேன்" என்று சொன்னேன். என்ன பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லும்போது எனக்கே தெரியாது. கோபத்தில் வாய் சொல்லிவிட்டது.

4. அனைவரும் வருக

நடுவில் இருந்த ஒரு நாள் முழுக்க மேஜையின் முன் உட்கார்ந்து கறுவிக்கொண்டிருந்தேன். பஸ் நேரம் படித்தேன், விளம்பரம் படித்தேன். எங்களுக்கு ஆகப் பெரிய விளம்பரக்காரர் மங்களம் ஜவுளி ஸ்டோர்ஸ். தேர்முட்டித் தெரு நடுவில் இருந்த அதே கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பதும் அந்தக் கடைதான். கடைக்காரர் எழுதிக் கொடுத்த தாளை அன்றைக்கு மட்டும் எத்தனை தடவை படித்திருப்பேனோ.

"பட்டு, பருத்தி, பாலியஸ்டர் ரகங்களுக்கு மங்களம் ஜவுளி ஸ்டோர்ஸ், தேர்முட்டித் தெரு, அரியலூர். கிராமத்து மக்களின் அபிமானக் கடை. அனைவரும் வருக, ஆதரவு தருக."

சாயங்காலம் படிக்கும்போதுதான் என் காதிலேயே அது விழுந்தது. அனைவரும் வருக. தினமும் என் வாயால்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவும் எங்கே எல்லாம் கேட்கிறது? பஸ் ஸ்டாண்டில் நான்கு குழாய் ஸ்பீக்கர். ஐந்தாவது குழாயை, தன் விளம்பரம் தன் தெருவிலும் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கடைக்காரரே கேட்டு வாங்கித் தேர்முட்டித் தெரு முனைக் கம்பத்தில் கட்டச் சொல்லியிருந்தார். பெஞ்சுக்கு நேர் மேலே.

மறுநாள் திருமானூர் வண்டி வந்து நின்றது. முருகாயி இறங்கினாள். கோவிந்தனும் இறங்கினார். கொடுத்த சொல்லை நம்பி வந்துவிட்டார்கள். நான் ஓடிக்கொண்டிருந்த ரிக்கார்டின் முள்ளைத் தூக்கிவிட்டு மைக்கைப் போட்டேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. திருமானூர் பேருந்தில் வந்திறங்கிய பயணிகளுக்கு ஓர் அறிவிப்பு. மங்களம் ஜவுளி ஸ்டோர்ஸ், தேர்முட்டித் தெரு. எல்லா ஊர் மக்களையும், ஊரில் எல்லாத் தெரு மக்களையும் அன்போடு அழைக்கிறது. வழி: மேற்கு வாசலில் வெளியேறி நேராக நடக்கவும். கடை வாசலில் சற்று நேரம் நின்று இளைப்பாறலாம். கடையைத் தாண்டி அதே தெருவில் நேராக நடந்தால் கவர்மெண்டு ஆஸ்பத்திரி. அனைவரும் வருக, ஆதரவு தருக."

யாரும் அசையவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் மூட்டையும் பையுமாகக் குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி படித்தேன். மூன்றாம் தடவை படிக்கும்போது முருகாயி கோவிந்தனின் கையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவர்கள் மேற்கு வாசலைத் தாண்டினார்கள். பின்னாலேயே, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்த ஒரு பெண், காலில் கட்டுப்போட்ட ஒரு ஆள், இன்னும் யார் யாரோ. நான் நிறுத்தவில்லை. தொண்டை வறண்டாலும் நிறுத்துவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன்.

தெருவில் நடந்ததை அப்புறம் முருகாயிதான் சொன்னாள். பெஞ்சிலிருந்து ஒருத்தர் எழுந்து வந்து வழக்கம்போல, "அந்தப் பக்கம் வழி இருக்குல்ல" என்றிருக்கிறார். அவர் தலைக்கு மேலே குழாய், எல்லாத் தெரு மக்களையும் அன்போடு அழைத்துக்கொண்டிருந்தது.

"கடைக்குக் கூப்புடறாங்களே சாமி. ஒங்களுக்குக் கேக்கலிங்களா?" என்று கேட்டிருக்கிறாள் முருகாயி.

கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேலி பண்ண வராது. நிஜமாகவே கேட்டிருக்கிறாள். அந்த ஆள் குழாயைப் பார்த்தார், கடையைப் பார்த்தார். கடையில் ஏகப்பட்ட வெளியூர்க் கூட்டம், முகூர்த்த ஜவுளி எடுக்க வந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிறார்கள். கல்லாவிலிருந்த கடைக்காரரும் எழுந்து வந்தார். தன் செலவில் வைத்த குழாய் தன் வாசலுக்கு ஆள் கூப்பிடும்போது, வராதே என்று எப்படிச் சொல்வது? கோவிந்தன் கடைப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். யாரும் அவரை எழுப்பவில்லை. பிறகு எழுந்து நடந்து போய் ஊசி போட்டுக்கொண்டார்.

5. அனைவரும் என்றால்

மத்தியானம் கலியபெருமாளும் கடைக்காரரும் கூண்டுக்கு வந்தார்கள். கடைக்காரர் வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பார்க்கப் பெரிய மனிதர். குரலை உயர்த்தவில்லை. அந்தத் தெருவில் யாருக்குமே குரலை உயர்த்தும் பழக்கம் இல்லை போலிருக்கிறது.

"ஏம்மா பொண்ணு, யாரு ஒன்னய இப்படிப் படிக்கச் சொன்னது?"

"நீங்கதான் சார். அனைவரும் வருகன்னு நீங்க எழுதிக் குடுத்ததுதான்."

"அனைவரும்னா அனைவருமா?"

அவர் அதை அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். "வேற யாரு சார்? யாரு வரலாம், யாரு வரக்கூடாதுன்னு தனித்தனியா எழுதிக் குடுங்க. அப்படியே மைக்குல படிச்சிடறேன்" என்றேன்.

அவர் கலியபெருமாளைப் பார்த்தார். கலியபெருமாள் தரையைப் பார்த்தார். "நான் பேசிக்கறேன், நீங்க போங்க" என்று அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அந்த ஆளுக எதிரி இல்லம்மா. நடக்கட்டும், எனக்கு என்ன? ஆனா விளம்பரம் போச்சுன்னா நான் எதை வச்சு மைக் செட் ஓட்டறது? பாட்டப் போடு, டயத்தச் சொல்லு, வூட்டுக்குப் போ."

"எல்லாரும் வழியும் கேக்கறாங்களே சார்."

"கேக்கட்டும். கேட்டா சொல்லு. மைக்குல சொல்லாத."

இதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை. எனக்குச் சம்பளம் பாக்கி வைத்தவர் இல்லை, தப்பாக ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. முதல் நாள் என் பாவாடையில் தூசியைப் பார்த்துவிட்டு "அதுவும் வழிதான்" என்று சொன்ன மனிதர். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை விட இப்படிப்பட்டவர்கள் மேல்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அதிகம். எல்லாம் தெரியும், எல்லாம் புரியும், ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மங்களம் ஸ்டோர்ஸ் விளம்பரத்தை நிறுத்தியது. தெரு முனைக் குழாயையும் கழற்றிவிட்டார்கள். நான் கடைப் பெயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு திருமானூர் வண்டிக்கும் வழியை மட்டும் மைக்கிலேயே படித்தேன். மேற்கு வாசல், நேராக, ஆஸ்பத்திரி. ஒரு தடவை தெருவில் கூட்டமாக நடந்துவிட்ட ஜனம் மறுபடி நடந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், முறைத்தார்கள், ஒரு நாள் தெருவின் குறுக்கே கட்டிலைப் போட்டுப் பார்த்தார்கள். நோயாளிகள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கோவிந்தனும் போனார்.

மாதக் கடைசியில் கலியபெருமாள் என்னை நிறுத்திவிட்டார். "நீ நல்லா பேசற புள்ள. ஆனா எனக்கு ஒத்து வராது" என்றார். அன்றைக்குக் கோவிந்தனுக்கு இன்னும் பல ஊசி பாக்கி இருந்தது. எனக்கு வேலை போனது பெரிதாகத் தெரியவில்லை. இனிமேல் மைக்கில் யாரும் வழி சொல்ல மாட்டார்களே, அந்த மனிதரைத் திரும்பக் குளத்தங்கரையில் விட்டுவிடுவார்களே என்றுதான் பெரம்பலூர் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டு போனேன்.

6. பெரம்பலூரில் சொல்லிக்கொடுத்தது

பிறகு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் விசாரணை ஜன்னலில் வேலை கிடைத்தது. எண்பதுகள் முழுக்க அங்கேதான். திருச்சி போகிறவர், மெட்ராஸ் போகிறவர், வழக்குக்கு வந்தவர், பெண் பார்க்க வந்தவர் என்று எல்லோருக்கும் வழி சொன்னேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். வழி கேட்கிறவரிடம் போகிற இடத்தைக் கேளுங்கள், வந்த இடத்தைக் கேட்காதீர்கள்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர், "சும்மா பேச்சுக்குக் கேக்கறதுதானே மேடம், எந்த ஊருன்னு?" என்றார். சும்மா கேட்பதாக இருந்தால் வழியைச் சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்கள் என்றேன். வழியைச் சொல்வதற்கு முன்னால் ஊரைக் கேட்கிறவர் எவரும் சும்மா கேட்பதில்லை. உங்களுக்கு என் மேல் கோபம் வந்தால் வரட்டும். நான் கண்டதைச் சொல்கிறேன்.

7. மேற்கு வாசல்

அரியலூரை விட்டு வந்து பல மாதம் கழித்து, கலியபெருமாளிடம் விட்டுவந்த என் எஸ்.எஸ்.எல்.சி. மார்க் புத்தகத்தை வாங்கிவர ஒரு தடவை போனேன். பஸ் ஸ்டாண்டில் வேறு ஒரு பையன் மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். பஸ் நேரம் சொன்னான், பாட்டுப் போட்டான். வழி எதுவும் சொல்லவில்லை. மங்களம் ஸ்டோர்ஸ் விளம்பரம் திரும்ப வந்திருந்தது.

மேற்கு வாசலில் முருகாயி நின்றுகொண்டிருந்தாள். தனியாக. அவளைத் தனியாகப் பார்த்ததும் எனக்குக் கோவிந்தன் நினைப்புதான் வந்தது. கிட்டப் போய், "அவரு எங்கக்கா?" என்றேன்.

"வூட்டுல இருக்காரு தங்கச்சி. ஊசியெல்லாம் முடிஞ்சி போச்சி. ஆடு ஓட்டிக்கிட்டுப் போறாரு, சோறு நல்லா திங்கிறாரு."

"கடைசி வரைக்கும் இந்த வழியாத்தான் வந்தீங்களா?"

"பின்ன? நீ போனதுக்கப்பறம் ரெண்டு தடவ மறிச்சாங்க. நான் அவரக் கடைப் படியில உக்கார வச்சிட்டு, அவங்க கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டே நின்னேன். அவங்களுக்குத்தான் சலிச்சிப் போச்சி."

"அப்ப இன்னிக்கி நீங்க எதுக்கு வந்தீங்க? உங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"எனக்கு என்ன. பக்கத்து ஊருல ஒரு புள்ளத்தாச்சி, அதும் மாமியாளும் மொத தடவையா ஆஸ்பத்திரிக்கு வருதுங்க. யாராவது கெழக்க தள்ளி வுட்டுருவாங்க. அதான் முந்தின வண்டியிலேயே வந்து நின்னுட்டேன்."

திருமானூர் வண்டி உள்ளே திரும்பியது. அவள் என்னை விட்டுவிட்டு அதை நோக்கி நடந்தாள். படியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் ஒரு வயதான பெண்ணும் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளை வேட்டி கட்டிய ஒருத்தர், கையில் எக்ஸ்ரே உறையோடு இறங்கி, நாலு பக்கமும் பார்த்து விழித்தார். முருகாயி பக்கத்தில் நின்றதால் அவளிடமே கேட்டார்.

"ஏம்மா, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவணும்?"

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்தால் ஊருக்குள் தெருக்காரர் என்று யாருக்கும் தெரியும். அவள் நினைத்திருந்தால் அவரை லாரி ரோட்டில் அனுப்பியிருக்கலாம். நானாக இருந்தால் அன்றைக்கு இருந்த கோபத்தில் அனுப்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"இப்படி மேக்கால வாங்க. இதான் கிட்ட. நாங்களும் அங்கதான் போறோம்" என்றாள் முருகாயி. கர்ப்பிணியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அந்த மனிதர் தேர்முட்டித் தெருவில் அவளுக்குப் பின்னாலேயே போனார்.